பள்ளி வாசலில் கடக்க ஓர் இடம்: அளவெடுப்பில் தொடங்கி வெள்ளைக்கோடு வரை

"பள்ளி எதிரில் வேகத்தடை அமைத்துத் தரவும்" என்ற ஒற்றை வரி மனுவுக்குப் பெரும்பாலும் இரண்டு முடிவுகள்தான். கோப்பில் தூங்கும். அல்லது ஒரு நாள் இரவு, வேறு வேலையில் மீந்த தார்க்கலவையோடு லாரி வந்து அரை மீட்டர் அகலத்துக்கு ஒரு மேட்டைக் கொட்டிவிட்டுப் போகும். கறுப்பு வெள்ளைப் பட்டை இருக்காது, எச்சரிக்கைப் பலகை இருக்காது. இருட்டில் பைக்கில் வருபவர் தூக்கி எறியப்படுவார். சில மாதத்தில் அக்கம்பக்கத்தாரே கடப்பாரையோடு வந்து பெயர்த்துவிடுவார்கள். பிள்ளைகள் கடக்க இடம் அப்போதும் இருக்காது.

அந்த மனுவை எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலையின் பதிவு இது. எட்டுப் பேர், ஏறக்குறைய ஆறு வாரம், ஒரே ஓர் இடம். ஊர் முழுவதற்கும் நடைபாதை கேட்டால் யாரும் எடுத்துச் செய்ய முடியாது. ஒரு பள்ளி வாசலுக்கு அளவோடு கேட்டால் ஓர் உதவிப் பொறியாளரால் எஸ்டிமேட் போட முடியும். அவர் கையில் எஸ்டிமேட்டாக மாறக்கூடிய தாளைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் மொத்த வேலையும்.

கணக்குகள் புரிவதற்காக ஒரு மாதிரித் தெருவை வைத்துக்கொள்வோம். தார் அகலம் 10 மீட்டர். ஒரு பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளி, எதிர்ப்பக்கம் பேருந்து நிறுத்தமும் டீக்கடையும். இரு ஓரத்திலும் ஷேர் ஆட்டோக்கள் நிற்கின்றன. டவுன் பஸ் ஓடும் சாலை. தமிழ்நாட்டில் எந்த நகராட்சியிலும் இப்படி ஒரு தெரு கிடைக்கும்.

சாலை யாருடையது

இதைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்கினால் முதல் இரண்டு மாதம் வீண். கிலோமீட்டர் கல் இருந்தால் அதன் தலைப்பகுதியைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. கல் இல்லாத ஊர்ச் சாலைகள்தான் குழப்பம். நகராட்சி எல்லைக்குள் இருந்தாலும் பல முக்கியச் சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கும். அங்கே போக வேண்டிய இடம் கோட்டப் பொறியாளர் அலுவலகம், நகராட்சி ஆணையர் அல்ல.

பல தெருக்களில் உடைமை துண்டு துண்டாகக் கிடக்கும். தார் நெடுஞ்சாலைத் துறையுடையது, ஓரச் சாக்கடை நகராட்சியுடையது, கம்பம் மின்வாரியத்துடையது, பேரிகேட் காவல்துறையுடையது. வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உரியவரின் பெயரை எழுதிவிடுங்கள். "அது எங்கள் வேலை இல்லை" என்று யாராவது சொல்லும்போது தாளைத் திருப்பிக் காட்டலாம். எதுவும் பிடிபடவில்லை என்றால், கடைசியாகத் தார் போட்ட வேலை எந்த அலுவலகத்தின் டெண்டர் என்று ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனுவில் கேளுங்கள். பெரும்பாலும் டெண்டர் விட்டவர்தான் உரிமையாளர்.

எண்ணுவது

தேவையானவை: நான்கு அட்டைப் பலகை, 15 நிமிடக் கட்டங்கள் அச்சிட்ட தாள், பென்சில், ஒரே நேரத்துக்குத் திருப்பி வைத்த நான்கு கடிகாரம். மழை பெய்தால் பேனா மை கரைந்துவிடும், அதனால்தான் பென்சில்.

நாள்: செவ்வாய், புதன், வியாழனில் ஏதாவது இரண்டு. சந்தை நாள் கூடாது. முகூர்த்த நாளும் கூடாது, அன்று வேன்களும் கார்களும் இரண்டு மடங்காகத் தெரியும். எண்ணிக்கை பெரிதாக வந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பொறியாளர் முதலில் கேட்பது தேதியைத்தான். நாட்காட்டியில் அன்று முகூர்த்தம் என்று கண்டால் மொத்தத் தாளும் செல்லாக்காசாகும்.

நேரம்: காலை 7.45 முதல் 9.45 வரை, மாலை 3.30 முதல் 5.30 வரை. மொத்தம் நான்கு மணி நேரம்.

இரண்டு பேர் கடப்பவர்களை எண்ண வேண்டும், இரண்டு பேர் வண்டிகளை, திசைக்கு ஒருவராக. வண்டிக்கு ஐந்து கட்டம் போதும்: சைக்கிள், இருசக்கரம், ஆட்டோ, கார் மற்றும் வேன், பஸ் மற்றும் லாரி. கடப்பவர்களுக்கு நான்கு: சிறுவர், பெரியவர், முதியவர், சைக்கிளைத் தள்ளிக்கொண்டோ ஓட்டிக்கொண்டோ கடப்பவர். இந்த நான்காம் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். பதினோராம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி வாங்கிய பிள்ளைகள் அதில்தான் வருவார்கள். அரசு ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் சைக்கிள் கொடுக்கிறது, அவை ஓட வேண்டிய சாலையில் ஒரு கோடுகூட அவர்களுக்காகப் போடுவதில்லை. மனுவில் எடுபடக்கூடிய வாதம் இது. அதற்கு அந்த எண்ணிக்கை வேண்டும்.

வழக்கமாக நடக்கும் தவறு, ஒரே ஆள் இரண்டு மணி நேரம் எண்ணுவது. நாற்பது நிமிடத்துக்குப் பிறகு கண் தப்பும். 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள், மாற்றியதைத் தாளில் குறியுங்கள்.

சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ், கடவைக்கு, அதாவது நடப்பவர் கடக்கக் கோடு போட்ட இடத்துக்கு, தந்துள்ள எளிய சூத்திரம் இங்கே உதவும். உச்ச நேரத்தில் மணிக்குக் கடப்பவர் எண்ணிக்கையை, மணிக்கு ஓடும் வண்டி எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். நடுத்தடுப்பு இல்லாத சாலையில் பத்துக் கோடியைத் தாண்டினால் கடவை தேவை, தடுப்புள்ள சாலையில் இருபது கோடி. நான்கு உச்ச மணி நேரங்களின் சராசரியை எடுக்க வேண்டும். மாதிரித் தெருவில் 220 பேர், 900 வண்டி என்று வைத்துக்கொண்டால், 900-இன் வர்க்கம் 8,10,000. அதை 220-ஆல் பெருக்கினால் 17 கோடியே 82 லட்சம். தகுதி உண்டு.

இந்தச் சூத்திரத்துக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கடக்கவே பயமாக இருக்கும் இடத்தில் யாரும் கடக்க மாட்டார்கள், எண்ணிக்கை குறையும், "தேவை இல்லை" என்று வந்துவிடும். அப்படி வந்தால் கைவிட வேண்டாம். பள்ளியில் வகுப்பு ஆசிரியர்கள் வழியாக, எத்தனை பிள்ளைகளின் வீடு சாலைக்கு மறுபுறம் இருக்கிறது, அவர்களில் எத்தனை பேரைப் பெற்றோர் வண்டியில் கொண்டுவந்து விடுகிறார்கள் என்று கைதூக்கச் சொல்லி எண்ணி அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

எண்ணும்போதே, கடப்பவர் எந்த இடத்தில் இறங்கி எந்த இடத்தில் ஏறுகிறார் என்று தெருப்படத்தில் புள்ளி வையுங்கள். புள்ளிகள் எங்கே குவிகின்றனவோ அங்கேதான் கடவை. பஸ்ஸை விட்டு இறங்கியவர் 40 மீட்டர் நடந்துபோய்க் கடக்க மாட்டார். எந்த அறிவுரைப் பலகையும் அவரை நடக்க வைக்காது.

வேகம்

ரேடார் துப்பாக்கி வேண்டாம். 30 மீட்டர் டேப்பால் சாலையோரம் 30 மீட்டரை அளந்து, இரு முனையிலும் சாக்பீஸால் கோடு. வண்டியின் முன்சக்கரம் முதல் கோட்டைத் தொடும்போது ஸ்டாப்வாட்ச் தொடங்க வேண்டும், இரண்டாவதைத் தொடும்போது நிறுத்த வேண்டும். 108-ஐ நொடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 3.6 நொடி என்றால் 30, 2.7 நொடி என்றால் 40, 2.16 நொடி என்றால் 50.

இதில் பிழை எங்கே வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். விரல் 0.2 நொடி பிசகினால் 50 என்பது 46 ஆகவும் மாறும், 55 ஆகவும் மாறும். நேரான சாலை என்றால் 60 மீட்டர் எடுத்து 216-ஐ வகுங்கள், பிழை பாதியாகும். ஒரு முனையில் நின்றுகொண்டு தூரத்துக் கோட்டைப் பார்த்தால் வண்டி அதைத் தாண்டியதே தெரியாது. ஆகவே அந்த முனையில் ஒருவர் நின்று கைக்குட்டையை இறக்கிக் காட்ட வேண்டும். போனில் வீடியோ எடுப்பது இன்னும் துல்லியம். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால், 30 மீட்டருக்கு எடுத்த ஃபிரேம்களால் 3240-ஐ வகுங்கள். 81 ஃபிரேம் என்றால் 40, 65 என்றால் 50. வெளிச்சம் மங்கினால் சில போன்கள் தாமாகவே ஃபிரேம் எண்ணிக்கையைக் குறைத்துவிடும், எனவே அந்தி வேளையில் இந்த முறையை நம்பக் கூடாது.

எடுக்க வேண்டியது 100 வண்டி. முன்னால் வேறு வண்டி இல்லாமல் தன் விருப்பப்படி ஓடும் வண்டிகளை மட்டும் எடுக்க வேண்டும். வேகமாக வருவதாகத் தோன்றும் வண்டியையே மனம் பொறுக்கும். அதைத் தடுக்க, "ஒவ்வொரு மூன்றாவது வண்டி" என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். ஒளிரும் மேலங்கி போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்றால் எல்லோரும் வேகத்தைக் குறைப்பார்கள். மரத்தடியிலோ கடைத் திண்ணையிலோ உட்கார்ந்து அளப்பது நல்லது. வீடியோவில் பிள்ளைகளின் முகமும் வண்டி எண்ணும் தெரிந்தால் அதை எங்கும் பகிரக் கூடாது, கணக்கு முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

நூறு எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி 85-ஆவதைப் பாருங்கள். பொறியாளர்கள் பேசுவது அந்த எண்ணைத்தான், சராசரியை அல்ல.

இனி அந்த எண்ணைப் பிள்ளையின் காலடியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நடை வேகம் நொடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்தால் 10 மீட்டர் தாரைக் கடக்க 8.3 நொடி ஆகும். 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி அந்த நேரத்தில் 115 மீட்டர் ஓடிவிடும். அதாவது பாதுகாப்பாகக் கடக்க, 115 மீட்டருக்குள் எதுவும் வரக் கூடாது. கடக்கும் தூரத்தை 6.5 மீட்டராகக் குறைத்தால் 5.4 நொடி, 75 மீட்டர் இடைவெளி போதும். வேகத்தையும் 30-க்குக் குறைத்தால் 45 மீட்டர். 115, 75, 45: மனுவின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட வேண்டிய மூன்று எண்கள் இவை. முதியவர்கள் அதிகம் கடக்கும் இடம் என்றால் 1.2 என்பதை நம்ப வேண்டாம். பத்து முதியவர்கள் கடப்பதை ஸ்டாப்வாட்சில் அளந்து உங்கள் எண்ணைப் போடுங்கள்.

நடப்பவரும் வண்டியும் கலக்கும் இடங்களில் 30-க்கு மேல் கூடாது என்பது 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் நடந்த உலக சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனத்திலேயே உள்ளது.

கண்ணுக்கு எட்டுகிறதா

போனை 1 மீட்டர் உயரத்தில் பிடியுங்கள். ஆறேழு வயதுப் பிள்ளையின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும். தார் விளிம்பில் நின்று இரு பக்கமும் படம் எடுங்கள். ஷேர் ஆட்டோ நிற்கும்போது ஒன்று, இல்லாதபோது ஒன்று. வரும் வண்டி எத்தனை மீட்டரில் முதலில் தெரிகிறது என்று டேப்பால் அளந்து படத்தின் மேல் எழுதுங்கள். பார்த்து, பிரேக் பிடித்து நிற்க 40 கி.மீ. வேகத்துக்கு 45 மீட்டரும் 50-க்கு 60 மீட்டரும் வேண்டும் என்பது இந்திய சாலைக் காங்கிரஸின் அளவு. நிறுத்திய ஆட்டோவுக்குப் பின்னாலிருந்து பார்த்தால் பெரும்பாலும் 15 மீட்டர்கூடத் தெரியாது. இந்த இரண்டு படங்களைப் பார்த்த பிறகு யாரும் "பிள்ளைகள் பார்த்துக் கடக்க வேண்டும்" என்று சொல்வதில்லை.

சைக்கிளுக்கு ஆபத்தானவற்றைத் தனியாகக் குறியுங்கள். முதலாவது தார் விளிம்பின் பள்ளம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால் ஓரத்தில் 10 முதல் 15 செ.மீ. இறக்கம் விழுந்திருக்கும். பஸ் ஒதுக்கினால் சைக்கிள் அதில் இறங்கும், திரும்ப ஏறும்போது சக்கரம் விளிம்பில் உரசி விழும். சுரண்டிவிட்டுத்தான் மறுதார் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார், அதை மனுவில் குறிப்பிடலாம். இரண்டாவது மழைநீர் வடிகாலின் கம்பி மூடி. கம்பிகள் சாலையின் திசையிலேயே ஓடி, இடைவெளி அகலமாக இருந்தால் சைக்கிள் சக்கரம் உள்ளே இறங்கிவிடும். மூடியையே 90 பாகை திருப்பி வைத்தால் தீரும். சதுர மூடியாக இல்லாவிட்டால் 10 மி.மீ. கம்பியை 10 செ.மீ.க்கு ஒன்றாகக் குறுக்கே வெல்டிங் செய்ய வேண்டும். இது அரை நாள் வேலை. வார்டு உறுப்பினர் மனம் வைத்தால் அந்த வாரமே நடக்கும். முதலில் இதை முடியுங்கள். ஒரு சின்ன வெற்றி கையில் இருந்தால் மற்ற வேலைக்கு ஆள் சேரும்.

விபத்துக் கணக்கு

மாவட்டக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஆர்.டி.ஐ. மனு. பத்து ரூபாய்க் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். இன்ன காவல் நிலைய எல்லையில், இன்ன சாலையில், கடந்த ஐந்து ஆண்டில் நடந்த விபத்துகளின் தேதி, நேரம், இடம், சம்பந்தப்பட்ட வண்டி வகை, காயத்தின் தன்மை என்று கேளுங்கள். பெயர், முகவரி கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மொத்த மனுவையும் மறுக்க வழி கிடைத்துவிடும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. எண்ணும் வேலை தொடங்கும் முன்பே இதை அனுப்பிவிடுங்கள், காத்திருப்பு இணையாக ஓடும்.

வரும் பதில் குறைவாகத்தான் இருக்கும். சிராய்ப்போடு எழுந்துபோன பிள்ளைக்கு யாரும் வழக்குப் பதிவதில்லை. 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டில் மரணமோ கொடுங்காயமோ உள்ள ஐந்து விபத்து, அல்லது பத்து மரணம் என்பதுதான் தேசிய நெடுஞ்சாலையில் "கரும்புள்ளி"க்கான வரையறை. அந்த அளவுகோலுக்குள் ஒரு பள்ளி வாசல் வர வேண்டும் என்றால் எத்தனை பிள்ளைகளைக் கொடுக்க வேண்டும்? ஆகவே தப்பித்த கணங்களையும் எண்ணுங்கள்: சடன் பிரேக், வளைத்து விலகுதல், கடந்தவர் ஓடியோ பின்வாங்கியோ தப்பித்தல். இரண்டு மணி நேரத்தில் எத்தனை என்று நேரத்தோடு எழுதிய பட்டியல், விபத்துப் பதிவு இல்லாத இடத்தில் நல்ல சான்று.

என்ன கேட்பது

மாதிரித் தெருவுக்கு நாங்கள் கேட்கச் சொல்வது இரண்டும் சேர்ந்த ஒரே அமைப்பு: மேடையாக உயர்த்திய கடவை, அதன் இரு முனையிலும் ஓரத்தைச் சாலைக்குள் 1.75 மீட்டர் நீட்டுதல். அப்போது 10 மீட்டர் தார் 6.5 ஆகும், ஒரு திசைக்கு 3.25 மீட்டர். பஸ்ஸுக்குப் போதும். நீட்டிய பகுதியில் ஆட்டோ நிறுத்த முடியாது, ஆகவே பிள்ளையும் ஓட்டுநரும் ஒருவரையொருவர் பார்க்க முடியும்.

நீட்டலை மட்டும் செய்தால் கெடுதல். மேடை இல்லாமல் ஓரத்தை மட்டும் நீட்டினால், ஓரமாக வந்துகொண்டிருந்த சைக்கிள் திடீரென 50 கி.மீ. வேக வண்டிகளுக்கு நடுவே தள்ளப்படும். வேகம் 30-க்கு வந்த பிறகுதான் சைக்கிளும் காரும் ஒரே தடத்தில் போவது தாங்கும். பணம் குறைவு, ஒன்றுதான் முடியும் என்றால் மேடையைக் கேளுங்கள், நீட்டலை விடுங்கள்.

மேடையின் அளவு: உயரம் 100 மி.மீ., தட்டையான பகுதி 4 மீட்டர், பஸ் ஓடுவதால் 6 மீட்டர் இன்னும் நல்லது. ஏறும் சரிவும் இறங்கும் சரிவும் தலா 1.5 மீட்டர். 6 மீட்டர் தட்டைக்கு, 6.5 மீட்டர் அகலத்தில், கலவை ஏறக்குறைய 4.9 கன மீட்டர், 4 மீட்டருக்கு 3.6. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் கொடுத்தால் விலைப்பட்டியலை வைத்து எஸ்டிமேட் போடுவது பத்து நிமிட வேலை. மேடைக்குப் பணம் வராது, வேகத்தடைதான் கிடைக்கும் என்றால் அதையாவது விதிப்படி கேளுங்கள்: அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 செ.மீ., வளைவின் ஆரம் 17 மீட்டர், 40 மீட்டருக்கு முன் எச்சரிக்கைப் பலகை. இந்த வடிவத்தில் 25 கி.மீ. வேகத்தில் முதுகு நோகாமல் ஏறி இறங்கலாம்.

மேடையைத் தோற்கடிப்பது பெரும்பாலும் தண்ணீர். சாலைக்குக் குறுக்கே ஓர் அணை கட்டுகிறோம் என்று நினைவில் வையுங்கள். மேடைக்கும் ஓரக்கல்லுக்கும் நடுவே 30 செ.மீ. ஓடை விட்டு, அதன்மேல் கம்பி மூடி போட வேண்டும், கம்பிகள் சக்கரத் திசைக்குக் குறுக்காக. இதை மறந்தால் முதல் ஐப்பசி மழையில் பள்ளி வாசல் குளமாகும், மறுநாளே மேடையை இடிக்கச் சொல்லி இன்னொரு மனு போகும்.

நடைபாதைக்கு இந்திய சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 ஆவணம் சொல்லும் குறைந்த அளவுகள்: தடையற்ற அகலம் 1.8 மீட்டர், தலைக்கு மேல் 2.2 மீட்டர், ஓரக்கல் உயரம் 150 மி.மீ.க்கு மிகாமல். சக்கர நாற்காலிக்கான சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று.

ஒரு நாள் ஒத்திகை

இதுதான் ஊரை நம்ப வைக்கும் பகுதி. சாலையின் உரிமையாளரிடமும் போக்குவரத்துக் காவல் ஆய்வாளரிடமும் எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் ஓர் எச்சரிக்கைக் கூம்பைக்கூடத் தாரில் வைக்கக் கூடாது. யாராவது அதில் மோதினால் பொறுப்பு உங்களுடையது.

ஒரு பக்கத்துக்கு 10 மீட்டர் நீட்டல், முன்னும் பின்னும் 6 மீட்டர் சாய்வு, மொத்தம் 22 மீட்டர். ஒன்றரை மீட்டருக்கு ஒரு கூம்பு வைத்தால் 15, இரு பக்கமும் 30, உபரி 6. உயரம் 750 மி.மீ., ஒளிப்பட்டை உள்ளது. பந்தல் வாடகைக் கடையிலோ காவல் நிலையத்திலோ சாலை ஒப்பந்தக்காரரிடமோ இரவல் கிடைக்கும். பஸ் போகும் காற்றில் கூம்பு சாயும், ஆகவே ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிலோ மணல் நிரப்பிய பை, அடியில் மாலைபோலச் சுற்றி. பேரிகேட் 4. "முன்னால் ஒத்திகை, மெதுவாக" என்ற தட்டி 2, இரு திசையிலும் 50 மீட்டர் முன்னால். ஒளிரும் மேலங்கி 8, விசில் 2, நூற்கண்டு, 30 மீட்டர் டேப், தென்னந்துடைப்பம் 4.

கோடு வரையக் கல் கோலமாவு 3 கிலோ. அரிசி மாவு வேண்டாம், ஈரம் பட்டால் வழுக்கும். கோலமாவையும் மெல்லிய வழிகாட்டிக் கோட்டுக்கு மட்டும் வையுங்கள். கனமாகத் தூவினால் பைக் ஓட்டுபவர் கண்ணில் பறக்கும். வரிகளுக்குச் சாக்பவுடர் 10 கிலோவைத் தண்ணீரில் குழைத்து, கொஞ்சம் மைதாப் பசை சேர்த்து, அகலத் தூரிகையால் பூச வேண்டும். சுட்ட சுண்ணாம்பு கூடாது, தெறித்தால் கண்ணைப் பொசுக்கும். வரி அரை மீட்டர், இடைவெளி அரை மீட்டர், நீளம் 3 மீட்டர். 6.5 மீட்டரில் ஏழு வரி, ஆறு இடைவெளி, மிச்சமில்லாமல் பொருந்தும். பரப்பு 10.5 சதுர மீட்டர்.

வேலை காலை 5 மணிக்குத் தொடங்க வேண்டும். பெருக்கி, நூல் கட்டி, கோடு போட்டு, பூசி, காய்ந்து 7.30-க்குத் தயாராக இருக்க வேண்டும். கூம்புகளைச் சாய்வின் தொடக்கத்திலிருந்து, வண்டி வரும் திசையைப் பார்த்தபடி வையுங்கள். எடுக்கும்போது தலைகீழ் வரிசையில். முதுகு காட்டி வைத்தால் யார் வருகிறார்கள் என்றே தெரியாது.

திறப்பதற்கு முன் ஒரு சோதனை. பள்ளி வேனையும் நகராட்சிக் குப்பை லாரியையும் மெதுவாக ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மூலையில் மெல்லிய கோலமாவு தூவியிருந்தால் சக்கரத் தடம் பதியும். தடம் கூம்பை உரசினால் அங்கே அரை மீட்டர் பின்வாங்குங்கள். மழை விட்ட மறுநாள் போனால் இதைச் சாலையே சொல்லும்: வண்டிச் சக்கரம் படாத மூலைகளில் வண்டல் தங்கியிருக்கும். அந்த வண்டல் பரப்பை அளந்தால், வண்டிக்குத் தேவையில்லாத இடம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

ஒத்திகை அன்று காலையும் மாலையும் அதே கோடுகளில் அதே முறையில் வேகம் அளக்க வேண்டும். கூம்பு புதிது என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே குறையும், அதையும் தாளில் நேர்மையாக எழுதுங்கள். கடந்தவர்கள் எத்தனை நொடி காத்திருந்தார்கள் என்பதையும் முன்னும் பின்னும் குறியுங்கள்.

வழக்கமாக எழும் சண்டை ஆட்டோ நிறுத்தம்தான். ஒரு வாரம் முன்பே நிறுத்தத்துக்குப் போய், 15 மீட்டர் தள்ளி மாற்றிடத்தைக் கோடு போட்டுக் காட்டி, அவர்களில் இருவரை ஒத்திகைக்கு அழையுங்கள். தள்ளுவண்டிக்காரர்களை விரட்டுவதாக இந்த வேலை மாறிவிடக் கூடாது. 2014 சாலையோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவைக் கேட்காமல் அவர்களை நகர்த்த முடியாது, நகர்த்தவும் வேண்டாம். கடவையிலிருந்து 5 மீட்டர் விலகி இருந்தால் போதும். இரவில் அவர்களுடைய விளக்கு வெளிச்சத்திலும் அவர்கள் கண்களிலும்தான் தெரு பத்திரமாக இருக்கிறது.

மனுவும் மேசையும்

இரண்டு பக்கம், அதோடு ஒரு வரைபடம், நான்கு படம். முதல் பத்தியில் இடம், சாலை யாருடையது, என்ன வேண்டும். இரண்டாவதில் எண்கள். மூன்றாவதில் விதிகள். உணர்ச்சியை எண்களே சுமக்கும், "ஐயா அவர்கள் கருணை கூர்ந்து" தேவையில்லை.

விதிகளில் இவை போதும். கோவை எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம், தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்துவது அரசமைப்பின் 21-ஆம் பிரிவுக்குள் வரும் உரிமை என்றது. அதே ஆண்டு அக்டோபரில், மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ), 210டி பிரிவுகளின்படி நடப்பவர் பாதுகாப்புக்கும் சாலை வடிவமைப்புக்கும் விதி வகுக்க மாநிலங்களுக்கு ஆறு மாதம் கெடு கொடுத்தது. வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 2019-இல் சேர்த்த 198ஏ. இந்தக் கடைசி ஒன்றை முதல் மனுவில் எழுதாதீர்கள். உதவ நினைக்கும் பொறியாளரும் தற்காப்புக்குப் போய்விடுவார். நினைவூட்டல் மனுவுக்கு வைத்திருங்கள்.

கொடுக்க வேண்டிய இடங்கள்: சாலைக்கு உரிய பொறியாளர், போக்குவரத்துக் காவல், பள்ளித் தலைமையாசிரியர் கையொப்பத்தோடு ஒரு நகல், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர். ஆட்சியர்தான் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர். ஆகவே "அடுத்த குழுக் கூட்டத்தின் பொருளில் சேர்க்கவும்" என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். அங்கே நெடுஞ்சாலை, நகராட்சி, காவல், வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் எல்லாம் ஒரே மேசையில் உட்காரும். உடைமைத் துண்டுகள் ஒட்ட வேறு இடமில்லை. ஊராட்சிச் சாலை என்றால் கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். தீர்மான எண் இல்லாத தீர்மானம் காற்றில் போகும், பதிவேட்டில் ஏறிய பிறகு எழுந்து வாருங்கள். எங்கே கொடுத்தாலும் ரசீது எண் வாங்காமல் திரும்பக் கூடாது.

வேலை நடக்கும் நாள்

ஒப்பந்தக்காரர் வரும் நாளில் இரண்டு பேராவது பக்கத்தில் இருக்க வேண்டும். வரைபடத்தில் இருப்பது தரையில் மாறுவது அன்றுதான். மேடைச் சரிவின் வடிவத்தை ஒட்டுப்பலகையில் வெட்டி எடுத்துப் போய், ரோலர் ஓடிய பிறகு வைத்துப் பாருங்கள். ரோலர் சரிவின் உச்சியை நசுக்கி 100 மி.மீ.யை 60 ஆக்கிவிடும். கலவை சூடாக இருக்கும்போதே சொன்னால் சேர்க்கலாம், ஆறிய பிறகு முடியாது.

கோடுகள் தெர்மோபிளாஸ்டிக்காக (சூட்டில் உருக்கிப் பூசும் கலவை) இருக்க வேண்டும், சாதாரண பெயிண்ட் சில மாதத்தில் தேய்ந்துவிடும். தடிமன் 2.5 மி.மீ., மேலே கண்ணாடி மணி சதுர மீட்டருக்கு 250 கிராம். தடிமனைச் சோதிக்க, பூசும் பாதையில் ஒரு சிறு அலுமினியத் தகட்டை வைத்து, பூசிய பின் எடுத்து வெர்னியர் அளவுகோலில் அளக்கலாம். மணி தூவினார்களா என்பதை அன்று இரவே டார்ச்சைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து 20 மீட்டரிலிருந்து அடித்துப் பாருங்கள், மின்ன வேண்டும். தார் ஈரமாகவோ புழுதியாகவோ இருந்தால் தெர்மோபிளாஸ்டிக் ஒட்டாமல் தகடு தகடாக உரியும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் முடியுங்கள், இல்லாவிட்டால் தைக்குப் பிறகு. நிறுத்தக் கோட்டைக் கடவை வரியிலிருந்து 3 மீட்டர் பின்னால் கேளுங்கள். பஸ்ஸும் லாரியும் ஒட்டி நின்றால் முன்னால் நடக்கும் சிறு பிள்ளை ஓட்டுநர் கண்ணில் படாது.

முடிந்த இரண்டு வாரத்தில் ஒருமுறை, மூன்று மாதத்தில் ஒருமுறை, அதே கிழமை, அதே நேரம், அதே 30 மீட்டர். 85-ஆவது எண் மறுபடி ஏறியிருந்தால் முதலில் சரிவைப் பலகை வைத்துப் பாருங்கள், பஸ் சக்கரம் அதை அமுக்கியிருக்கும். அடுத்து ஓடையின் கம்பி மூடியைத் தூக்கி அடியில் சேர்ந்த பாலிதீனையும் மண்ணையும் வாருங்கள். இதை ஆண்டுதோறும் புரட்டாசியில் செய்ய ஒரு பெயரைத் தாளில் எழுதி, பள்ளி அலுவலகத்தில் ஒரு நகல் வைத்துவிடுங்கள்.